‘வா’ என்னும் விளியும் ‘இருத்தல்’ என்னும் உரிப்பொருளும்: திருவருகைக்கால முன்மொழிகள் குறித்த ஒரு திணைநோக்கு

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டாண்டு நவம்பர் 30ஆம் நாளுக்கு மிக அண்மையில் வரும் ஞாயிற்றின் முன்மாலையில் தொடங்குகிறது. முன்பு ஆகமன காலம் என்றும், இன்று திருவருகைக் காலம் என்றும் வழங்கும் இப்பருவம் நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. கிறித்து பிறப்புப் பெருவிழாவின் முன்மாலை வழிபாட்டிற்குச் சற்று முன்னர் முடிவுறுவது. இந்நாள்களில் உள்ளம் ஆயத்தப்பட வேண்டும் என்பது திருச்சபையின் எதிர்பார்ப்பு. அவ்வாயத்தம் எத்தகையது என்று விளக்கும் தியான நூல்களும் மறையுரைகளும் ஒப்புரவு, நோன்பு, ஈகை, விவிலிய வாசிப்பு எனச் செய்யத்தக்கவற்றையே பெரிதும் எடுத்துரைக்கின்றன. அவை வேண்டாதன என்று கூறுவார் இலர். எனினும், அப்பருவத்தின் வழிபாட்டு மொழியைத் தனியே எடுத்து நோக்கினால், அங்கு மேலோங்கி நிற்பது செய்தலைவிடக் காத்திருத்தலே என்பது புலனாகும். காத்திருத்தலைத் தன் உரிப்பொருளாக ஒரு திணைக்கே வகுத்துக் கொடுத்த மொழி தமிழ். ஆதலின் திருவருகைக் காலத்தின் இறுதி வாரத்தில் ஓதப்பெறும் ஏழு முன்மொழிகளை முல்லைத் திணையின் ‘இருத்தல்’ என்னும் உரிப்பொருளோடு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்புமை எவ்விடத்தில் நிற்கிறது என்பதோடு, எவ்விடத்தில் முறிகிறது என்பதும் இங்குக் கருதப்படும்.

ஏழு மாலைகள்

டிசம்பர் 17 முதல் 23 வரையுள்ள ஏழு நாள்களின் மாலைச் செபத்தில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் நாளுக்கொன்றாக ஒரு முன்மொழி பாடப்பெறும். இவை உரோமை வழிபாட்டில் எட்டாம் நூற்றாண்டளவில் வழக்கில் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் மெட்ஸ் நகர் அமலாரியுஸ் இவற்றிற்கு விளக்கம் எழுதியுள்ளார். இன்று இவையே சிறு மாற்றங்களுடன் திருப்பலியில் நற்செய்திக்கு முந்தைய அல்லேலூயா வாழ்த்தொலியாகவும் இடம்பெறுகின்றன.

ஒவ்வொன்றும் ‘ஓ’ என்னும் விளியோடு தொடங்கும். விளிக்கப்படும் பெயர்கள் முறையே ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், விடியல், மக்களினங்களின் அரசர், இம்மானுவேல் என்பன. பெயரை அடுத்து அப்பெயருக்குரிய பெருமை, அதன்பின் ‘வா’ என்னும் ஏவல், இறுதியில் வந்து செய்ய வேண்டியது இன்னதென்னும் வேண்டல் எனப் பாடலின் அமைப்பு எங்கும் ஒன்றே. விளி, அடை, ஏவல், பயன் என இதனைத் தமிழ் இலக்கணச் சொற்களால் வகுத்துக் கூறலாம்.

விளியின் ‘ஓ’ பற்றி ஒன்று கூறத் தோன்றுகிறது. இலத்தீனில் அது வெறும் அழைப்பு. தமிழ்ச் செவிக்கோ ஓகாரம் அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. தொல்காப்பிய இடையியல் ஓகாரத்திற்குப் பிரிநிலை, வினா, எதிர்மறை, ஒழியிசை, தெரிநிலை, சிறப்பு என ஆறு பொருள் கூறும். ‘வருவார்’ என்பதோடு ஓகாரம் சேர்ந்தால் ‘வருவாரோ’ என ஐயமாகிவிடும். மூலத்தில் இல்லாத இந்நிழல் தமிழில் தற்செயலாக விழுவதே. ஆயினும் அது அப்பாடல்களின் மனநிலைக்கு அயலானதன்று என்பது பின்னர்த் தெளிவாகும்.

திணைநோக்கிற்கு இடந்தருவன மூன்று கூறுகள். முதலாவது பொழுது. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. முன்மொழிகள் காலைச் செபத்திற்கு உரியனவல்ல, மாலைக்கே உரியன. வடபுலத்தில் பகல் குறுகிக்கொண்டே வரும் நாள்கள் அவை. விடியலை விளிக்கும் ஐந்தாம் முன்மொழி டிசம்பர் 21ஆம் நாள், அதாவது ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, இருட்டியபின் பாடப்படுகிறது. விடியலை விடியற்காலையில் அழைப்பதற்கும், இருள் மிக நீண்ட நாளின் மாலையில் அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வழிபாட்டை வகுத்தோர் அறிந்திருந்தனர் எனலாம்.

இரண்டாவது, ‘இருத்தல்’ என்னும் சொல்லே. தமிழில் அது ஆற்றியிருத்தலையும் குறிக்கும். உடலால் அமர்ந்திருத்தலையும் குறிக்கும். திறவுகோலை விளிக்கும் நான்காம் முன்மொழியும், விடியலை விளிக்கும் ஐந்தாம் முன்மொழியும், இருளிலும் சாவின் நிழலிலும் அமர்ந்திருப்போருக்காக வேண்டுகின்றன. அவர்கள் நடப்பவர்களாகவோ தேடுபவர்களாகவோ காட்டப்படவில்லை, அமர்ந்திருப்பவர்களாகவே காட்டப்படுகின்றனர். லூக்கா நற்செய்தியில் செக்கரியாவின் பாடல் (1:67-79) இதே படிமத்தை நோக்கிச் செல்கிறது. அப்பகுதி டிசம்பர் 24 காலைத் திருப்பலியின் நற்செய்தி வாசகமாக அமைந்திருப்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது, வருபவர் மற்றவர் என்பது. மார்கழி முதல் நாளும் டிசம்பர் 17ஆம் நாளும் ஏறத்தாழ ஒன்றுபடுதலால், இம்முன்மொழிகளைப் பாவைப் பாடல்களோடு ஒப்பிட விரும்புவோர் உளர். அவ்வொப்பீடு வெளித்தோற்றத்தில் மட்டுமே பொருந்தும். பாவைப் பெண்கள் விடியலில் எழுந்து, பிறரையும் எழுப்பி, அவன் துயிலும் வாயிலுக்கே செல்பவர்கள். அவன் இருக்குமிடம் அவர்களுக்குத் தெரியும். திருவருகைக் காலத்தில் செல்லுதற்கு வாயில் இல்லை. இல்லிலிருந்து வழிநோக்கும் முல்லைத் தலைவியின் நிலையே இதற்கு நெருங்கியது.

ஆயர்மகளின் சொல்லும் தலைகீழாய்ப் படித்த எழுத்தும்

ஏழு விளிப்பெயர்களும் இலத்தீனில் சப்பியென்சியா, அதோனாய், ராதிக்ஸ், கிளாவிஸ், ஓரியென்ஸ், ரெக்ஸ், எம்மானுவேல் என வரும். இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து முதல்நோக்கிப் படித்தால் ‘ஏரோ க்ராஸ்’ என்னும் இலத்தீன் தொடர் கிடைக்கும். ‘நாளை இருப்பேன்’, ‘நாளை வருவேன்’ எனப் பொருள்படும் தொடர் அது. ஏழு நாளும் மக்கள் ‘வா’ என்கின்றனர். அவர்கள் சொல்லிய சொற்களின் தொடக்கங்களுக்குள்ளேயே விடை பின்னோக்கி எழுதப்பட்டிருக்கிறது. டிசம்பர் 23 மாலை வரை அவ்விடை நிறைவுறுவதில்லை.

இது யாத்தோரின் கருத்தா, பின்னோர் கண்ட நயமா என்னும் வினா எழும். இடைக்காலத்தில் சில மரபுகள் ஏழுக்கு மேற்பட்ட முன்மொழிகளைப் பாடின. இங்கிலாந்தின் சாரம் மரபில் டிசம்பர் 16ஆம் நாளே தொடங்கி, கன்னியரின் கன்னியை விளிக்கும் எட்டாம் முன்மொழியோடு முடித்தனர். அங்கு எழுத்துகள் ‘வேரோ க்ராஸ்’, ‘மெய்யாக நாளை’, என மாறின. எண்ணிக்கை கூடியபோதும் தொடர் பொருள்படுவது, இந்நயத்தை வழிபட்டோர் ஒரு கட்டத்தில் அறிந்தே போற்றினர் என எண்ண இடந்தருகிறது. யாத்தவரின் உள்ளக் கருத்தைத் துணிந்து கூறுவது திறனாய்வுக்குத் தேவையன்று. விடை நேராகச் சொல்லப்படாமல், ஒட்டுக்கேட்கும் வகையில் அமைந்திருக்கிறது என்பதே இங்கு முதன்மையானது.

முல்லைப்பாட்டை இவ்விடத்தில் நினையாதிருத்தல் அரிது. நப்பூதனார் இயற்றிய 103 அடிகள் கொண்ட அப்பாட்டில், மழை பெய்த மாலைப்பொழுதில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நாழியில் கொண்டு வந்த நெல்லையும் முல்லை மலரையும் தூவி வழிபட்டு, விரிச்சி கேட்க நிற்கின்றனர். அங்கே குளிரில் தோள்மேல் கைகளைக் கட்டி நிற்கும் ஆயர்மகள் ஒருத்தி, கயிற்றில் கட்டுண்டு தாயின்றித் தவிக்கும் கன்றைப் பார்த்து, அதன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்கிறாள். அவள் அரண்மனையை அறியாள். தலைவியின் துயரையும் அறியாள். கன்றிடம் சொன்ன சொல் அது. அதனையே தலைவிக்குரிய நற்சொல்லாக முதுபெண்டிர் எடுத்துச் செல்கின்றனர்.

விரிச்சியின் ஆற்றல் அது தன்னை நோக்கிச் சொல்லப்படாத சொல் என்பதில்தான் இருக்கிறது. தலைவியிடம் நேரே வந்து ஒருவர் ‘அவர் வருவார்’ என்றால் அது ஆறுதல் மொழி. சொல்பவரின் அன்பு அதில் கலந்திருப்பதால் அதன் உண்மை ஐயத்திற்குரியது. கன்றுக்குச் சொன்ன சொல்லில் அத்தகைய நோக்கம் இல்லை. முன்மொழிகளின் மறைவிடையும் இத்தன்மையதே. அழைப்பவர்கள் தம் வாயாலேயே விடையைச் சொல்லிக்கொண்டு, சொல்வதை அறியாமல் நிற்கின்றனர்.

கிறித்தவ மரபில் விரிச்சிக்கு நிகரான நிகழ்ச்சி பிறிதொன்றும் உண்டு. 386ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் மனம் உடைந்து கிடந்த அகுஸ்தீனின் செவியில், அண்டை வீட்டுக் குழந்தையின் குரல் விழுகிறது; எடுத்து வாசிக்குமாறு திரும்பத் திரும்பச் சொல்லும் குரல். விளையாட்டுச் சொல்லோ என்று முதலில் எண்ணிய அவர், பின் அதனைத் தமக்குரியதாக ஏற்று நூலைத் திறக்கிறார். கண்ணில் பட்டது உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்துப் பகுதி. இன்றைய மூவாண்டு வாசகச் சுழற்சியின் முதலாண்டில், திருவருகைக்கால முதல் ஞாயிற்றின் இரண்டாம் வாசகத்தில் (உரோமையர் 13:11-14) அப்பகுதி அடங்கியிருக்கிறது. இவ்வாசகத்தைக் கேட்டு ஆயத்தத்தைத் தொடங்கும் ஒருவர், தம்மை அறியாமலே ஓர் ஒட்டுக்கேட்ட சொல்லின் வழியில் கால்வைக்கிறார்.

இந்நுட்பம் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதற்கும் சான்று உண்டு. முன்மொழிகளின் கருத்தைச் சந்தப் பாட்டாக்கிய இலத்தீன் பாடலொன்று 1710இல் கொலோன் நகரப் பாடல் தொகுப்பில் காணப்படுகிறது. ஜான் மேசன் நீல் 1851இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக உலகெங்கும் அறியப்பட்ட பாடல் அது. அது கடைசிப் பெயராகிய இம்மானுவேலை முதலில் வைத்துத் தொடங்குகிறது. வருவார் என்னும் உறுதியைப் பல்லவியாக்கி ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் உரக்கச் சொல்கிறது. வரிசை மாறியதால் மறைவிடை அழிந்தது. விடை வெளிப்படையானதால் காத்திருத்தலின் இறுக்கமும் தளர்ந்தது. கேட்க இனிய பாடல்தான். ஆனால், காத்திருப்பவரின் பாட்டு என்ற நிலையிலிருந்து அது நகர்ந்துவிட்டது.

கண்ணீர் முல்லைக்கு ஆகுமா?

விரிச்சியைக் கேட்டபின் முல்லைப்பாட்டின் தலைவி தேறினாளா? இல்லை. நற்சொல் கேட்டதாக முதுபெண்டிர் எடுத்துரைத்தும் அவள் கண்கள் நீரைச் சொரிகின்றன. இவ்விடம் உரையாசிரியர்க்குச் சிக்கலாயிற்று. இருத்தல் என்பது ஆற்றியிருத்தல். இரங்கினால் அது நெய்தலாகிவிடும். ஆகவே நச்சினார்க்கினியர், திணைத்தூய்மையைக் காக்கும் பொருட்டு, பாட்டின் அடிகளை இடம்மாற்றிக் கூட்டிப் பொருள் உரைத்தார். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் (1903) அம்முறையைக் கடுமையாக மறுத்து, பாட்டு கிடந்தவாறே பொருள் கொள்ள வேண்டும் என்றார்.

அடிகளார் பக்கமே உண்மை நிற்கிறது. ஆற்றியிருத்தல் என்பது துயரற்றிருத்தல் ஆகாது; துயர் இல்லாதவிடத்து ஆற்றுதற்கு ஒன்றுமில்லை. குறுந்தொகையின் முல்லைப் பாடல்களும் இதனையே காட்டும். ஓதலாந்தையாரின் தலைவி (21) கொன்றை மலர்ந்த கானத்தைக் கண்ணெதிரே கண்டும் கார் வந்ததாக ஏற்க மறுக்கிறாள். குறித்த பருவம் தப்பிற்று என்று ஒப்புக்கொள்வதைவிடக் காட்டையே பொய்யாக்கத் துணிகிறாள். கோவத்தனாரின் தோழி (66) பருவமல்லாத மழைக்கு ஏமாந்து மலர்ந்த மடமை கொன்றையின்மேல் என்கிறாள். நம்பிக்கையின் சொற்களாக இவை கொள்ளப்படும். எனினும் ஐயம் உள்ளே புகுந்துவிட்ட பின்னரே இவ்வளவு வன்மையாக அதனை மறுக்க வேண்டிய தேவை எழும்.

வியப்பிற்குரியது என்னவெனில், திருவருகைக் காலத்தைப் பற்றியும் இதே வழக்கு நடந்துள்ளது என்பதாகும். இப்பருவம் தவக்காலம் போன்ற கழுவாய்ப் பருவமா, மகிழ்ச்சிப் பருவமா என்பதே அவ்வழக்கு. 1969இல் வெளியான வழிபாட்டாண்டுப் பொது விதிகள் பக்தியும் மகிழ்வும் கலந்த எதிர்நோக்கின் காலம் என்று இதனை வரையறுத்தன. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மனவருத்த நாள்களைக் குறிக்குங்கால் வெள்ளிக்கிழமைகளையும் தவக்காலத்தையும் கூறி, திருவருகைக் காலத்தைக் கூறாது விடுத்தது. ஆயினும் திருவுடை ஊதா நிறத்திலேயே நீடிக்கிறது. ‘உன்னதங்களிலே’ பாடல் ஞாயிறுகளில் ஒலிப்பதில்லை. அதே வேளையில் அல்லேலூயா நிறுத்தப்படுவதும் இல்லை. இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் மனமாற்றத்தைக் கோரி நிற்கிறார். அம்மூன்றாம் ஞாயிற்றிலேயே மகிழ்ச்சியின் அடையாளமாக ரோஜா நிறத் திருவுடை அணியப்படுகிறது. கேரளத்துச் சீரோ மலபார் மரபில் இக்காலம் மங்களவார்த்தைக் காலம் எனப் பெயர் பெற்று, பெயரளவில் முழுதும் நற்செய்தியாக இருக்கிறது. டிசம்பரில் இருபத்தைந்து நோன்பு அங்கேதான் உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அறிவிப்பாளர்கள் சிலர் மகிழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இப்பருவத்தை விழாவின் முன்னோட்டமாக்குவதும், வேறு சிலர் கழுவாயை மட்டும் எடுத்துக்கொண்டு அதனைச் சிறு தவக்காலமாக்குவதும், அடிகளை இடம்மாற்றிப் பொருள் கொள்ளும் செயலையே ஒக்கும். முன்மொழிகள் கிடந்தவாறே இருகூற்றையும் தாங்கி நிற்கின்றன. முதலிரண்டு நாள்களும் ஞானத்தையும் ஆண்டவரையும் பெருமிதத்தோடு விளித்த குரல், மூன்றாம் நாளில் இனித் தாமதிக்க வேண்டா என்று வெளிப்படையாகவே இறைஞ்சுகிறது. பொறுமை அங்கே சற்றுக் கிழிகிறது. அடுத்த இரு நாள்களும் சிறையும் இருளும் பேசப்படுவதைக் காண, மூன்றாம் நாளின் பதற்றம் காரணமற்றதன்று எனத் தோன்றும்.

இனி ஒப்புமை முறியுமிடம். முல்லைத் தலைவன் சென்றவன், மீள்வான். அவன் மீண்டால் இருத்தல் முடியும். கிறித்தவர் காத்திருப்பதோ ஏற்கெனவே வந்துவிட்டவருக்காக. கிளேர்வோ பெர்னார்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் தம் திருவருகைக்கால மறையுரையில் மூன்று வருகைகளைப் பிரித்தார்: ஊனுடலில் வந்த வருகை, மாட்சியில் வரப்போகும் வருகை, இவ்விரண்டிற்கும் நடுவே உள்ளத்தில் மறைவாக நிகழும் வருகை. வழிபாட்டு நாள்காட்டியும் டிசம்பர் 16 வரை இறுதி வருகையையும், 17 முதல் பெத்லகேம் வருகையையும் முன்னிறுத்துகிறது. எனவே டிசம்பர் 25 வந்தாலும் காத்திருத்தல் தீர்வதில்லை. மேலும், முல்லைத் தலைவி தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியவள் அல்லள். அவள் கற்பு முன்பே நிறைவுற்றது. திருவருகைக் காலத்தில் காத்திருப்பவரோ வருபவருக்கு ஒவ்வாதவராகத் தம்மைக் காண்பவர். ‘வா’ என்று அழைப்பவரே வருகையை அஞ்ச வேண்டியவராகவும் இருக்கும் இந்நிலைக்கு அகத்திணையில் இடமில்லை. திணைக்கோட்பாட்டைக் கிறித்தவ நூல்கள்மேல் அப்படியே விரித்துப் போர்த்தும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைக் கவனியாது போதல் குறையே.

வளனின் ஐயம்

முன்மொழிகளில் இல்லாத ஆடவர் ஒருவர் இப்பருவத்தின் நடுவே நிற்கிறார். டிசம்பர் 18ஆம் நாளின் நற்செய்தி, மரியா கருவுற்றதை அறிந்த யோசேப்பு அவரை மறைவாக விலக்கிவிட எண்ணியதைக் கூறும் மத்தேயு நற்செய்திப் பகுதி (1:18-24). சில வசனங்களே கொண்ட அவ்வையத்தை விரித்துப் பாடியவர் இருவர், காலத்தாலும் இடத்தாலும் தொடர்பற்றவர்கள்.

முதலாமவர் பெயர் தெரியாத பழைய ஆங்கிலக் கவிஞர். பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படியாகிய எக்செட்டர் நூலில் உள்ள திருவருகைப் பாடல்கள் பெரும்பாலும் இம்முன்மொழிகளின் விரிவே. அவற்றின் நடுவில், மரியாவும் யோசேப்பும் அவ்வையத்தைப் பற்றி நேருக்கு நேர் உரையாடும் பகுதி ஒன்று வருகிறது. புகழ்ப்பாடல்களுக்கு இடையில் ஓர் இல்லத்தின் கலக்கம் அது. இரண்டாமவர் வீரமாமுனிவர். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் முதற்காண்டத்தில் ஐயந்தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என இரண்டு படலங்களை அவர் இதற்கென ஒதுக்குகிறார். மகிழ்வினைப் படலமும் பிறப்பைக் கூறும் மகவருள் படலமும் அவற்றின் பின்னரே வருகின்றன. காப்பியத் தலைவனாக வளனையே கொண்டமையால் அவ்வையம் அங்குக் கிளைக்கதையாகச் சுருங்காமல் கதையின் தண்டாக நிற்கிறது. 3,615 பாடல்களில் விரியும் நூலின் அணிச்செறிவு சிலவிடத்து உணர்வை மூடிவிடுகிறது என்பது மறுக்கவியலாததே. இருப்பினும் ஐயத்தைத் தாண்டியன்றி மகிழ்வுக்குச் செல்லலாகாது என்னும் வைப்புமுறை, இப்பருவத்தின் வழிபாட்டு ஓட்டத்தை அறிந்தவருடையது.

முல்லைப்பாட்டில் தலைவன் பாசறையில் உறக்கமின்றிக் கிடக்கிறான். தலைவி இல்லில் இருக்கிறாள். வளன் இல்லிலேயே இருக்கிறான். அவனது பாசறை அவன் நெஞ்சுக்குள் அமைந்திருக்கிறது. அவன் காத்திருப்பது இன்னதற்கென்று அவனுக்கே தெரியாது. முன்மொழிகளைப் பாடுவோர் பெயர் சொல்லி அழைக்கின்றனர். வளனுக்கு அழைக்கப் பெயரும் கொடுக்கப்படவில்லை, கனவில் வானதூதர் சொல்லும் வரை. நற்செய்தி நூல்களில் யோசேப்பின் வாய்ச்சொல் என ஒன்றும் பதிவாகவில்லை. இருத்தலின் மிகக் கடிய வடிவம் இதுவே ஆகலாம்.

அதே டிசம்பர் 18ஆம் நாளில் இஸ்பானிய, போர்ச்சுக்கீசிய மரபு மரியாவின் எதிர்நோக்குத் திருநாளைக் கொண்டாடி வந்துள்ளது. 656இல் கூடிய பத்தாம் தொலேதோ சங்கம் மரியாவுக்குரிய திருநாளை அந்நாளில் வைத்தது. முன்மொழிகளின் விளியொலியைக் கொண்டு மக்கள் அவரை ‘ஓ அன்னை’ என்றே அழைத்தனர். போர்ச்சுக்கீசியர் 1523இல் சென்னைப் பரங்கிமலையின் உச்சியில் எழுப்பிய ஆலயம் இந்த எதிர்நோக்கும் அன்னைக்கு உரியது. ஆண்டுதோறும் அவருடைய நிறைமாதத்தை நினைவுகூரும் அந்நாளில், அதே திருச்சபை பீடத்திலிருந்து வாசிக்கும் நற்செய்தியோ அவரை விலக்கிவிட எண்ணிய கணவனின் இரவைப் பற்றியது.